கேளுங்கோ, சொல்லுறன்: பட்டிக்குப் பின்னாலை கிடக்கிற கறள்

கேள்வி: அண்ணை, அப்பா ஓடின மொறிஸ் மைனர் ஒண்டு வீட்டை நிக்குது. போன ஆவணியிலை கதவுக்குக் கீழ்ப் பெட்டியையும் முன் மட்காட்டையும் சுரண்டி, மண்ணெண்ணெயாலை துடைச்சு, பட்டி (குழி நிரப்புற பசை) வைச்சு பெயின்ற் அடிச்சனான். மாரி முடிய முதலே அதே இடத்திலை கொப்புளம் கிளம்பீட்டுது. பெயின்ற் கூடாததோ?
- வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: பெயின்ற்றிலை பிழை சொல்லாதேங்கோ தம்பி. ஒரு கொப்புளத்தைக் கிளறிப் பாருங்கோ, உள்ளுக்கை மண்ணிறத் தண்ணி நிண்டா கறள் பின்பக்கத்தாலை தின்டுகொண்டு வந்திருக்கு, நீங்கள் முன்பக்கத்தை மட்டும்தான் சுரண்டினனீங்கள். எனக்கும் இப்பிடித்தான், ஒரு கராச்சிலை குடுத்து எடுத்த கார் ரெண்டு மாரி தாங்கேல்லை, காந்தத்தை வைச்சா ஒட்டாமல் வழுகி விழுகுது, உடைச்சுப் பாத்தா தகரமே இல்லை, பேப்பரைத் திணிச்சு மேலாலை பட்டி!

மண்ணெண்ணெய்க் கதைக்கு வாறன். பொருளாதாரத் தடைக் காலத்திலை வன்னியிலை கார் அதிலைதான் ஓடினது, அதுக்காக தகரத்தைத் துடைக்க அது வேண்டாம், எண்ணெய்ப் படை நிக்கும், பிரைமர் (பெயின்ற்றுக்கு முதல் அடிக்கிற அடிப்பூச்சு) பிடியாது. தின்னரும் சுத்தமான துணியும் எடுங்கோ.

கறள் பிடிச்ச இடத்தை ஸ்குரூட்றைவராலை தட்டுங்கோ, உள்ளுக்கை போனா அந்த இடத்தை வெட்டி எறிஞ்சு புதுத் தகரம் வெல்ட் பண்ணத்தான் வேணும். மைனருக்குத் தனிச் சேசி (அடிச்சட்டம்) இல்லை, கதவுக்குக் கீழ்ப் பெட்டிதான் காரையே தாங்குது, அதுக்குப் பட்டி வைச்சு மறைக்கிறது ஆபத்து. கல்வனைஸ் தகரம் எண்டா வெல்ட் பண்ணுற ஓரத்திலை நாகப் பூச்சைத் தேய்ச்சு எடுத்திட்டு காத்தோட்டமான இடத்திலை செய்யுங்கோ, அந்தப் புகையாலை காய்ச்சலே வரும்.

தகரம் நல்லா இருந்து குழிக்குள்ளை மட்டும் கறள் எண்டா பொஸ்பரிக் அசிட் பூசுங்கோ (கையுறை போட்டு), அது மிச்சக் கறளைப் பொஸ்பேற்றா மாத்தும், பிறகு கழுவி, உடனை துடைச்சு, வெயிலிலை நல்லாக் காயவிட்டு அண்டைக்கே எப்பொக்சி பிரைமர் அடியுங்கோ. வெறுந்தகரத்தை ஒரு ராத்திரி வெளியிலை விட்டா விடிய மஞ்சளாயிடும். பட்டி அதுக்கு மேலைதான், தகரத்திலை நேரை இல்லை, ஏனெண்டா பட்டி தண்ணியை உறிஞ்சும். அதாலை பட்டியைக் தண்ணி விடாமல் காய்ஞ்சபடியே தேயுங்கோ, உங்கடை பக்கம் கடல் கிட்ட, கிணத்துத் தண்ணி உவர் எண்டா அந்த உப்பு பட்டிக்குள்ளை இருந்து திரும்பவும் ஈரத்தை இழுக்கும்.

வெல்டிங் மூட்டுக்கு சீலர் (இடுக்கை அடைக்கிற பசை), பெட்டிக்குள்ளை மெழுகு, ரெண்டும் பெயின்ற் முடியத்தான் எண்டில்லை, சீலர் பிரைமருக்கு மேலை பெயின்ற்றுக்கு முதல், மெழுகு கடைசி.

வேலையை பங்குனி, சித்திரையிலை வைச்சுக்கொள்ளுங்கோ. அதுவரைக்கும் கதவுக்கு அடியிலை தண்ணி போற ஓட்டையளைக் கம்பியாலை குத்தி விடுங்கோ, என்ரை காரிலை அதுக்குள்ளை குளவி மண்கூடு கட்டி வைச்சிருந்தது.