அப்பா அம்மாவைத் தயங்காமல் புகாராவுக்கு அழைத்துப் போங்கள்

டெல்லி ஐடிசி மௌரியா ஹோட்டலில் இருக்கும் புகாரா உணவகத்துக்கு அப்பா அம்மாவோடு போகிறீர்கள், அவர்களுக்கு முள்கரண்டி பழக்கமில்லை, சைவம் வேறு என்று எழுதியிருந்தீர்கள். கவலையே வேண்டாம். அங்கே வழக்கமே கையால் சாப்பிடுவதுதான், உடையில் கறை படாமல் இருக்க ஏப்ரனும் கட்டிவிடுவார்கள். தால் புகாராவைக் கட்டாயம் சொல்லுங்கள், கறுப்பு உளுந்தைத் தக்காளியோடு இரவு முழுக்கத் தணலில் வேகவிட்டு, கடைசியில் கிரீமும் வெண்ணெயும் சேர்ப்பதால் அவ்வளவு குழைவாக இருக்கும். கூட தந்தூரி ஆலு, பனீர் டிக்கா போதும். ‘நான் புகாரா’ என்கிற நான் ரொட்டி ரொம்பப் பெரிது, மூன்று பேருக்கு ஒன்றே தாராளம்.

அப்புறம், அங்கே பல இருக்கைகள் முதுகு சாய முடியாத குட்டை ஸ்டூல்கள். அம்மாவுக்கு முதுகுவலி என்றீர்களே, முன்பதிவின்போதே சாய்ந்து உட்காரும் இடமாகக் கேட்டுவிடுங்கள்.