காசநோய் மாத்திரையும் காலைப் புட்டும்

கேள்வி: விடிய எழும்பி மாத்திரை குடித்தால் குமட்டுகிறது. புட்டும் பால்சொதியும் சாப்பிட்டுவிட்டுக் குடிக்கலாமா? (களுவாஞ்சிக்குடி)

பால்சொதிக்குப் பிறகு வேண்டாம். காசநோய் மாத்திரையிலுள்ள ரிஃபாம்பிசினும் ஐசோனியசிட்டும் வெறும் வயிற்றில்தான் நன்றாக இரத்தத்தில் சேரும். சாப்பாட்டுக்கு 1 மணி நேரம் முன்பு, இல்லாவிட்டால் சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து. கொழுப்பான சாப்பாட்டோடு போனால் இரத்தத்தில் ஏறும் உச்ச அளவு ரிஃபாம்பிசினுக்கு மூன்றில் ஒரு பங்கும், ஐசோனியசிட்டுக்குப் பாதியும் குறையக்கூடும். அதிலுள்ள இன்னொரு மருந்தான பைரசினமைடு சாப்பாட்டைப் பெரிதாகப் பொருட்படுத்தாது. ஆனால் முதல் 2 மாதம் எதாம்பியூட்டோலோடு சேர்த்து நான்கு மருந்தும் ஒரே மாத்திரைக்குள் இருக்கும்போது அதை மட்டும் பிரிக்கவா முடியும்?

சரி, குமட்டலுக்கு என்ன செய்வது? கிரீம் இல்லாத பிஸ்கட் இரண்டு, ஒரு பிளேன்ரீ, அதோடு மாத்திரை. மருந்து கொஞ்சம் குறைவாகச் சேர்ந்தாலும் பரவாயில்லை. வாந்திக்குப் பயந்து நாள் தவறுவதுதான் மோசம். வாந்தி நிற்காவிட்டால், அல்லது கண் மஞ்சளானால், அடுத்த மாத்திரையைக் குடிக்காமல் அன்றைக்கே மார்பு நோய் கிளினிக்குக் காட்டுங்கள். சிறுநீர் செம்மஞ்சளாகப் போவது வேறு விஷயம். அது ரிஃபாம்பிசினின் நிறம்.

கேள்வி: நெஞ்செரிவுக்கு வெள்ளை மருந்து குடிக்கிறேன். சேர்த்துக் குடிக்கலாமா?

கூடாது. அதிலுள்ள அலுமினியம் ஐசோனியசிட்டையும் எதாம்பியூட்டோலையும் சரியாகச் சேரவிடாது. மாத்திரைக்குப் பிறகு 4 மணி நேரமாவது விடுங்கள்.

கேள்வி: மத்தியானம் சூரைக்கறி சாப்பிட்டேன். கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலை இடித்து, நெஞ்சு படபடத்தது. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையா? (வாழைச்சேனை)

மாத்திரையும் மீனும் ஒன்றையொன்று ஒத்துக்கொள்ளவில்லை. பிடித்த சூரை ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அதில் ஹிஸ்டமின் என்ற, அலர்ஜி போன்ற தொல்லை தரும் பொருள் ஊறும். உடம்பு அதை உடைத்துத் தள்ளும் வழியை ஐசோனியசிட் அடைத்துவிடுகிறது. அதனால்தான் அதே சட்டிக் கறியைச் சாப்பிட்ட வீட்டாருக்கு ஒன்றும் ஆகாமல் உங்களுக்கு மட்டும் வந்திருக்கலாம். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் ஹிஸ்டமின் அழியாது. புளி கூடப் போட்டாலும் அப்படித்தான். இலங்கை வைத்தியர்கள் இதை 1980ஐ ஒட்டியே எழுதி வைத்திருக்கிறார்கள். மாத்திரை முடியும்வரை சூரையையும் அதில் செய்யும் மாசியையும் விடுங்கள். மூச்சு முட்டினால் உடனே ஆஸ்பத்திரி. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேள்வி: நோன்பு காலத்தில் எப்போது குடிப்பது? (அக்கரைப்பற்று)

நோயாளிக்கு நோன்பைப் பிற்போடச் சலுகை உண்டு, அதை முதலில் யோசியுங்கள். டொக்டர் சம்மதித்தால், விடியுமுன் சாப்பிடும் ஸஹர் சாப்பாட்டுக்கு 1 மணி நேரம் முன்பு எழும்பிக் குடிக்கலாம். தூக்கம் பெரிதென்றால் நோன்பு துறந்து 2 மணி நேரம் கழித்து, தராவீஹ் இரவுத் தொழுகை முடிந்து வந்ததும் குடியுங்கள். வரும் வழியில் ரோல்ஸ் கடையில் நிற்காமல் வந்தால்தான் இந்தக் கணக்குச் சரிவரும்.