பெர்ம்காத் குழாய்க்குள் ஒட்டிய கிருமி: கேள்வி பதில்

கேள்வி (நோயாளியின் மகள்): அம்மாவுக்குக் கழுத்தில் பெர்ம்காத் (டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்க்குள் நீண்ட நாள் வைத்திருக்கும் ட்யூப்) இருக்கிறது, டாக்டர். ஊசி போட்டால் காய்ச்சல் நிற்கிறது. மருந்தை நிறுத்தியதும் டயாலிசிஸில் மறுபடி குளிர் நடுக்கம். மருந்து வேலை செய்யவில்லையா?

பதில்: ரத்தத்தில் திரியும் கிருமியை மருந்து கொன்றுவிடுகிறது. குழாயின் உட்சுவரில் ஒட்டியதைக் கொல்லவில்லை. தண்ணீர்த் தொட்டியில் கை வைத்தால் வழுக்குமே பாசி, அதுபோலக் கிருமிகள் கூடி, தாங்களே சுரந்த பசைக்குள் வாழ்கின்றன. இந்தப் படலம்தான் பயோஃபில்ம். அதன் ஆழத்தில் பல கிருமிகள் பெருகாமல் உறங்கிக் கிடக்கும். பெருகும் கிருமியைத் தாக்கும் மருந்துகளுக்கு அவை பிடிபடுவதில்லை. டயாலிசிஸில் ரத்தம் வேகமாக ஓடும்போது படலம் பிய்ந்து உடம்புக்குள் போகிறது, நடுக்கம் வருகிறது. கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை) எடுக்காமல் காய்ச்சல் ஊசியோடு வீட்டுக்கு அனுப்பினால் சம்மதிக்காதீர்கள்.

கேள்வி (ஹவுஸ் சர்ஜன்): கிருமி குழாயில்தான் என்று எப்படி உறுதி செய்வது?

பதில்: ஆன்டிபயாடிக் கொடுக்கும் முன், குழாயிலிருந்தும் கை நரம்பிலிருந்தும் ஒரே நேரத்தில், ஒரே அளவு ரத்தம் எடுங்கள். குழாய் பாட்டிலில் 2 மணி நேரமோ அதற்கு மேலோ முன்னதாகக் கிருமி வளர்ந்தால் குழாய்தான் ஊற்று. ஃபிஸ்டுலாவுக்கு (டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைப்பது) வைத்திருக்கும் முழங்கை, முன்கை நரம்புகளைக் குத்தாதீர்கள், புறங்கை போதும். அதுவும் கிடைக்காவிட்டால் டயாலிசிஸ் ரத்த லைனில் எடுக்கலாம்.

கேள்வி (டயாலிசிஸ் நர்ஸ்): வான்கோமைசின் லாக் (டயாலிசிஸ் முடிந்ததும் குழாய்க்குள் நிரப்பி நிறுத்தி வைக்கும் ஆன்டிபயாடிக் கலவை) போடச் சொல்லியிருக்கிறார்கள். எப்படிக் கலப்பது?

பதில்: சிஸ்டர், 500 மி.கி. வயலில் 10 மி.லி. ஸ்டெரைல் வாட்டர் விட்டால் மி.லி.க்கு 50 மி.கி. அதில் 1 மி.லி., மி.லி.க்கு 5000 யூனிட் உள்ள ஹெபாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) 2 மி.லி., நார்மல் சலைன் 7 மி.லி. சேர்த்தால் மொத்தம் 10 மி.லி.; மி.லி.க்கு வான்கோமைசின் 5 மி.கி., ஹெபாரின் 1000 யூனிட். ஹெபாரின் லேபிளை இருவர் படியுங்கள், மி.லி.க்கு 1000 யூனிட் உள்ள வயலும் உண்டு. கலந்ததும் வெண்மையாகக் கலங்கினால் மெல்ல அசையுங்கள், தெளியாவிட்டால் கொட்டிவிடுங்கள்.

கிளாம்பில் அச்சிட்ட அளவை (1.6, 1.7 மி.லி. என்று இருக்கும்) மட்டும் செலுத்துங்கள். கூடினால் ஹெபாரின் உடம்புக்குள் போய் ரத்தக்கசிவு வரும். குறைந்தால் குழாய் நுனியில் மருந்து நிற்காது. அடுத்த டயாலிசிஸுக்கு முன் பழைய லாக்கை உறிஞ்சி எறியுங்கள். உறிஞ்ச வரவில்லை என்று உள்ளே தள்ளவே கூடாது.

ஒவ்வொரு டயாலிசிஸுக்குப் பிறகும் புது லாக், 10 முதல் 14 நாள். கூடவே ரத்தத்திலும் ஆன்டிபயாடிக். லாக் மட்டும் போதாது. ஒரே லாக் 48 மணி நேரத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. வாரம் இரண்டு முறை மட்டும் டயாலிசிஸ் செய்பவரிடம் இங்கேதான் சிகிச்சை தோற்கிறது. லாக் மாற்றுவதற்காகவாவது இடையில் ஒரு நாள் வரவழையுங்கள்.

கேள்வி: எப்போது குழாயை எடுத்தே ஆக வேண்டும்?

பதில்: ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ், சூடோமோனாஸ், கேண்டிடா பூஞ்சை வளர்ந்தால் காத்திருக்காதீர்கள். ரத்த அழுத்தம் விழுந்தாலும், குழாய் தோலுக்கடியில் செல்லும் சுரங்கத்தில் சீழ் இருந்தாலும், சரியான மருந்து கொடுத்தும் 72 மணி நேரத்துக்குப் பிறகு கல்ச்சர் பாசிட்டிவாக இருந்தாலும் அப்படியே. லாக் வைத்துக் குழாயைக் காப்பாற்றுவதில் சூடோமோனாஸ் தவிர்த்த கிராம் நெகட்டிவ் கிருமிகளில் (ஈ. கோலை போன்றவை) பெரும்பாலும் வெற்றி கிடைக்கிறது. ஆரியஸில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான். அந்தப் பாதிக்காக, ஆரியஸ் தாக்கக்கூடிய இதய வால்வைப் பணயம் வைக்க வேண்டாம். குழாயை வைத்துக் குணமானவருக்கு, மருந்து முடிந்து ஒரு வாரத்தில் மறுபடி கல்ச்சர் எடுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு மூன்று வாரமாக யூரின் ட்யூப். பரிசோதனையில் கிருமி வந்திருக்கிறது, காய்ச்சல் இல்லை.

பதில்: காய்ச்சலோ அடிவயிற்று வலியோ புதிதாக மனக்குழப்பமோ இல்லாவிட்டால் ஆன்டிபயாடிக் வேண்டாம். நீண்ட நாள் ட்யூபில் கிருமி இருப்பது வழக்கம். தேவையில்லாத மருந்து எதிர்ப்புக் கிருமியைத்தான் வளர்க்கும். அறிகுறி வந்தால் முதலில் ட்யூபை மாற்றி, புது ட்யூபிலிருந்து சாம்பிள் எடுக்கச் சொல்லுங்கள். பழைய ட்யூபில் எடுத்தால் அதன் படலத்துக் கிருமிதான் வளரும். ட்யூப் அடிக்கடி அடைத்தால் புரோட்டியஸ் கிருமியைச் சந்தேகியுங்கள். அது சிறுநீரைக் காரமாக்கி உள்ளே சுண்ணாம்புபோல் படிய வைக்கும்.