சூப்பர் கம்ப்யூட்டரில் மென்பொருள் நிறுவுதல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: குரோமாக்ஸை (மூலக்கூறுகளின் இயக்கத்தைக் கணக்கிடும் மென்பொருள்) லாகின் நோடில் கம்பைல் செய்தேன், எரர் எதுவும் வரவில்லை. ஜாப் அனுப்பினால் ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்று உடனே நின்றுவிடுகிறது. (ஆய்வு மாணவி, திருப்பரங்குன்றம்)

பயனர்கள் உள்நுழையும் லாகின் நோடிலும், அவர்கள் அனுப்பும் ஜாப் (கணக்கு வேலை) ஓடும் கம்ப்யூட் நோடிலும் ஒரே ரகச் செயலிதான் இருக்கும் என்று எண்ணிவிட்டீர்கள். குரோமாக்ஸைக் கட்டும்போது, அதாவது மூல நிரலைக் கம்பைல் செய்து ஓடும் மென்பொருளாக்கும்போது, சிமேக் என்ற கருவி, தான் ஓடும் இயந்திரத்தின் செயலியைப் பார்த்து அதற்கேற்ற எஸ்ஐஎம்டி (ஒரே கட்டளையில் பல எண்களைக் கணக்கிடும் செயலி வசதி) வகையைத் தானாகவே தேர்ந்துகொள்ளும். லாகின் நோடில் ஏவிஎக்ஸ்-512 என்ற வகை தெரிந்த இன்டெல் செயலியும், ஜாப் போய் விழுந்த நோடில் அது தெரியாத பழைய ஏஎம்டி செயலியும் இருந்தால் நீங்கள் சொல்லும் பிழைதான் வரும். எஸ்ரன் கட்டளை மூலம் கம்ப்யூட் நோடு ஒன்றில் இன்டராக்டிவ் ஜாப் (நேரடியாகக் கட்டளை கொடுத்து வேலை செய்யும் ஜாப்) எடுத்து, அங்கேயே கட்டுங்கள். இரண்டு ரக நோடுகளிலும் ஓட வேண்டுமானால் எஸ்ஐஎம்டி வகையை ஏவிஎக்ஸ்2_256 என்று நீங்களே குறிப்பிட்டுவிடுங்கள்; வேகம் சற்றுக் குறையும், ஆனால் ஏவிஎக்ஸ்2 தெரிந்த எல்லா நோடுகளிலும் ஓடும். லாகின் நோடில் மேக் கட்டளைக்கு 40 இழைகள் கொடுத்துக் கட்டுவது மற்ற பயனர்கள் அனைவரையும் முடக்கும் செயல் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: சூடோ போட்டால் என் பாஸ்வேர்டை ஏற்க மறுக்கிறது. என்ன செய்வது? (மேலூர்)

பொதுக் கணினியில் சூடோ தரும் நிர்வாகி அதிகாரம் உங்களுக்குக் கிடையாது, தேவையும் இல்லை. கட்டமைக்கும்போதே பிரிஃபிக்ஸ் (மென்பொருள் போய் உட்காரும் இடம்) என்பதில் உங்கள் ஹோம் டைரக்டரியைக் (உங்களுக்கான சொந்தக் கோப்பகத்தை) கொடுங்கள். அதற்கும் முன்னால், நீங்கள் தேடும் மென்பொருள் ஏற்கெனவே இருக்கிறதா என்று மாட்யூல்களாக ஏற்கெனவே நிறுவப்பட்டவற்றைப் பட்டியலிடும் ‘மாட்யூல் அவைல்’ கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: லாம்ப்ஸ் (இதுவும் மூலக்கூறு இயக்க மென்பொருள்) ஓடவில்லை. அவசரம். உடனே பதில் தேவை. (திண்டுக்கல்)

எந்தப் பதிப்பு, எந்தக் கம்பைலர், எந்த மாட்யூல்கள், எந்தக் கட்டளை, என்ன பிழைச் செய்தி என்ற ஐந்தில் ஒன்றைக்கூட நீங்கள் எழுதவில்லை. பிழைச் செய்தியை எழுத்தாக அனுப்புங்கள். திரையைச் செல்போனில் எடுத்த புகைப்படம் வேண்டாம். அதிலும் கடைசி வரியை மட்டும் வெட்டி அனுப்புவதால் பயனில்லை. கம்பைல் தோற்கும்போது கடைசி வரியில் ‘மேக் எரர் 2’ என்றுதான் பெரும்பாலும் இருக்கும். உண்மையான காரணம் அதற்குப் பல நூறு வரிகள் மேலே, முதன்முதலில் ‘எரர்’ என்று வரும் இடத்தில் இருக்கிறது. முதல் பிழையைப் படியுங்கள் என்பதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லத் தயாராக இருக்கிறேன்.

கேள்வி: எங்கள் ஆய்வகத்தில் சீனியர் அண்ணன் கொடுத்த பேஷ்ஆர்சி கோப்பைத்தான் (டெர்மினலைத் திறக்கும்போது தானாக ஓடும் அமைப்புக் கோப்பு) எல்லோரும் பயன்படுத்துகிறோம். புதிய பைத்தான் மாட்யூலை லோட் செய்தாலும் பழையதே வருகிறது. கோப்புகளை வேறு கணினிக்கு அனுப்பும் எஸ்சிபி கட்டளையும் ‘ஓப்பன்எஸ்எஸ்எல் வெர்ஷன் மிஸ்மேட்ச்’ என்று நின்றுவிடுகிறது. (ஆய்வு மாணவர், நாகமலை புதுக்கோட்டை)

உங்களை நான் குறை சொல்லவில்லை. இந்தப் பழக்கத்தைக் குறை சொல்கிறேன். நீங்கள் அனுப்பிய கோப்பில் சுமார் 60 வரிகள் உள்ளன. இரண்டு கோண்டாக்கள் (பைத்தான் போன்றவற்றை நிறுவித்தரும் கருவி) ஒன்றன்மேல் ஒன்றாகத் தொடங்குகின்றன. இப்போது அந்த இயந்திரத்தில் இல்லாத ஓர் இன்டெல் கம்பைலருக்கு ஒரு பாத் (எங்கே தேடுவது என்ற குறிப்பு) இருக்கிறது. படிப்பை முடித்துப் போய்விட்ட ஒருவரின் ஹோம் டைரக்டரியை நான்கு வரிகள் சுட்டுகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, நிரல்கள் தங்களுக்கு வேண்டிய லைப்ரரிகளை (பொதுத் துணை நிரல்களை) எங்கே தேடுவது என்று சொல்லும் எல்டி லைப்ரரி பாத்தில் கோண்டாவின் லிப் டைரக்டரி முதலிடத்தில் நிற்கிறது. எஸ்சிபி உடைந்ததற்குக் காரணம் அதுதான்: கணினியின் சொந்த ஓப்பன்எஸ்எஸ்எல் (குறியாக்க) லைப்ரரிக்குப் பதிலாகக் கோண்டாவில் இருப்பதை அது எடுத்துக்கொள்கிறது. மாட்யூல் லோட் ஆன பிறகு ஏதோ ஒரு வரி கோண்டாவை மீண்டும் முன்னால் தள்ளுவதால்தான் பழைய பைத்தானும் வருகிறது.

சீனியர் கொடுத்த கோப்பைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கி, தங்கள் பங்குக்கு நான்கு வரி சேர்த்து, அடுத்து வருபவரிடம் கொடுத்துவிட்டுப் போகும் வழக்கத்தால் வீணாகும் ஆய்வு மாதங்கள் கொஞ்சமல்ல. மென்பொருளில் பிழை என்று எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பகுதி இந்தக் கோப்பில்தான் போய் முடிகிறது. இன்னொரு கெடுதலும் உண்டு. ஜாப்களை வரிசைப்படுத்தி ஓட்டும் ஸ்லர்ம் பொதுவாக, நீங்கள் ஜாப் அனுப்பும்போது இருந்த சூழல் மாறிகளை (பாத் போன்ற அமைப்புகளை) அப்படியே ஜாபுக்குள் எடுத்துச் செல்லும். ஆகவே இன்று ஓடிய ஜாப் நாளை வேறு டெர்மினலிலிருந்து அனுப்பினால் ஓடாமல் போகலாம், ஓடினாலும் வேறு லைப்ரரியோடு ஓடலாம். எந்த லைப்ரரியில் கிடைத்த முடிவு என்று ஆய்வேட்டில் எழுத முடியாத நிலை வரும்.

செய்ய வேண்டியது இது. ஒரு டெர்மினலைத் திறந்தே வைத்துக்கொண்டு, பேஷ்ஆர்சியின் பெயரை மாற்றிவிட்டு, கணினி முதலில் கொடுத்த மூன்று நான்கு வரிகளை மட்டும் வைத்துப் புதிய கோப்பு எழுதுங்கள். பிறகு இன்னொரு டெர்மினலில் லாகின் ஆகிப் பாருங்கள். ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனிக் கோப்பு வைத்து, அதன் முதல் வரியில் ‘மாட்யூல் பர்ஜ்’ (லோட் ஆன மாட்யூல்களை எல்லாம் நீக்கும் கட்டளை), அடுத்த வரிகளில் பதிப்பு எண்ணோடு மாட்யூல்கள் என்று எழுதுங்கள். கம்பைல் செய்யும்போதும் ஜாப் ஸ்கிரிப்டிலும் அதே கோப்பைத்தான் சோர்ஸ் செய்ய (படித்து இயக்க) வேண்டும். ஜூனியர்களுக்குக் கொடுப்பதானால் அந்தக் கோப்பைக் கொடுங்கள்.

கேள்வி: குவாண்டம் எஸ்பிரசோவை (பொருள்களின் மின்னணு அமைப்பைக் கணக்கிடும் மென்பொருள்) 48 கோர்களில் ஓட்டினால் அவுட்புட்டில் ஒவ்வொரு வரியும் 48 முறை வருகிறது. (திருமங்கலம்)

அவுட்புட்டின் தலைப்பில் எத்தனை பிராசசர்களில் ஓடுகிறது என்று ஒரு வரி இருக்கும். அதில் 48-க்குப் பதிலாக 1 என்று இருப்பதைக் காண்பீர்கள். பல பிராசசர்களை ஒரே கணக்கில் சேர்ந்து இயங்கவைக்கும் எம்பிஐ லைப்ரரி ஒன்றைக் கொண்டு கட்டிவிட்டு, வேறொரு எம்பிஐயின் எம்பிஐரன் கட்டளையால் ஓட்டியிருக்கிறீர்கள். ஆகவே 48 தனித்தனிக் கணக்குகள் ஒரே வேலையைச் செய்துகொண்டு ஒரே டைரக்டரியில் எழுதியிருக்கின்றன. அந்த முடிவுகளை நம்பாமல் அழித்துவிடுங்கள். ‘விச் எம்பிஐரன்’ காட்டும் பாத்தும், நிரல் எந்த லைப்ரரிகளை எடுக்கிறது என்று சொல்லும் எல்டிடி கட்டளை காட்டும் எம்பிஐ லைப்ரரியும் ஒரே இடத்தைச் சுட்ட வேண்டும். ஜாப் ஸ்கிரிப்டின் முதல் வேலை ‘மாட்யூல் பர்ஜ்’ என்பதை இங்கேயும் சொல்கிறேன்.

கேள்வி: ‘ஜிலிப்சி 2.28 நாட் ஃபவுண்ட்’ என்று வருகிறது. புதிய ஜிலிப்சியை என் ஹோமில் போட்டுக்கொள்ளலாமா? (உசிலம்பட்டி)

கூடாது. ஜிலிப்சி என்பது ஏறக்குறைய எல்லா நிரல்களும் நம்பியிருக்கும் லினக்ஸின் அடிப்படை லைப்ரரி. எல்டி லைப்ரரி பாத்தில் புதியதைச் சேர்த்த மறுகணம், கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளைகூட ஓடாமல் போகலாம். உங்கள் கணினியில் இருப்பது அநேகமாக சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ். அதில் உள்ளது ஜிலிப்சி 2.17, சென்ட்ஓஎஸ் 7-க்கான ஆதரவும் 2024 ஜூன் 30-உடன் முடிந்துவிட்டது. மூல நிரல் கிடைத்தால் அங்கேயே கம்பைல் செய்யுங்கள். கிடைக்காவிட்டால் ஆப்டெய்னர் கன்டெய்னரில் (வேண்டிய லைப்ரரிகளைத் தன்னுள்ளே கொண்ட பொட்டலத்தில்) ஓட்டுங்கள். சிங்குலாரிட்டி என்று இருந்ததே 2021-இல் இந்தப் பெயருக்கு மாறியது. பல நோடுகளில் ஓட்டுவதானால் கன்டெய்னருக்குள் இருக்கும் எம்பிஐ வெளியே இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும்.

கேள்வி: 50 ஜிபி கோட்டாவில் பாதிகூட நிரம்பவில்லை, ஆனாலும் கோண்டா ‘டிஸ்க் கோட்டா எக்சீடட்’ என்கிறது. (கே.கே. நகர், மதுரை)

நிரம்பியிருப்பது கோப்புகளின் எண்ணிக்கைக்கான கோட்டா. ஒரு கோண்டா சூழலே சில பத்தாயிரம் கோப்புகளைக் கொண்டுவந்துவிடும். ‘கோண்டா கிளீன்’ கொடுத்து, பயன்படாத சூழல்களை நீக்குங்கள்.

கேள்வி: எங்கள் கல்லூரியில் இந்த வசதி இல்லை. எங்கே கேட்பது? (சோழவந்தான்)

2015-இல் அறிவிக்கப்பட்ட தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்தின் கீழ், திருச்சி என்.ஐ.டி.யில் 2022 மே மாதம் பரம் பொருள் என்ற சூப்பர் கம்ப்யூட்டர் தொடங்கிவைக்கப்பட்டது. அதன் திறன் சுமார் 840 டெராஃப்ளாப்ஸ் (ஒரு டெராஃப்ளாப்ஸ் என்பது நொடிக்கு ஒரு லட்சம் கோடி கணக்குகள்). உங்கள் நெறியாளர் வழியாகவே விசாரியுங்கள், கட்டண விவரத்தையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஸ்கிராட்சில் (தற்காலிகச் சேமிப்பிடத்தில்) கட்டிவைத்திருந்த மென்பொருள் முழுவதும் விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் காணவில்லை. மீட்க முடியுமா? (வாடிப்பட்டி)

முடியாது. குறிப்பிட்ட நாள்கள் தொடப்படாத கோப்புகள் ஸ்கிராட்சிலிருந்து நீக்கப்படுவது வழக்கம். அதற்குக் காப்புப் பிரதியும் பொதுவாக எடுப்பதில்லை. கட்டுவதற்கான ஸ்கிரிப்ட்டை ஹோமில் வைத்திருந்தால் ஒரு மணி நேரத்தில் மீண்டும் கட்டிவிடலாம். இல்லையென்றால் முதலிலிருந்து தொடங்குங்கள், இம்முறை ஸ்கிரிப்டாக எழுதிவிட்டு.