உதட்டுக்குப் போடும் ஜெல் தாடைக்கு ஏன் ஆகாது? ஃபில்லர் பற்றிக் கேள்வி பதில்

முகச் சுருக்கத்துக்கும் உதட்டுக்கும் போடும் ஃபில்லர் ஊசிக்குள் என்னதான் இருக்கிறது என்று பலர் கேட்டிருந்தீர்கள். வேதியியல் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். யாருக்கு எது பொருந்தும் என்பதைத் தோல் மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: ஃபில்லரில் இருப்பது ஹயலுரோனிக் அமிலம் என்கிறார்களே சார், அமிலத்தையா முகத்தில் ஏற்றுகிறார்கள்?

பயப்பட வேண்டாம். சிரிஞ்சில் இருப்பது அதன் சோடியம் உப்பு. காரத்தன்மையும் இல்லை, புளிப்பும் இல்லை. இரண்டு வகைச் சர்க்கரை அலகுகள் மாறி மாறிக் கோத்த நீளமான சங்கிலி அது. நம் தோலிலும் மூட்டிலும் கண்ணிலும் ஏற்கெனவே இருக்கிறது. 1934-இல் கார்ல் மேயரும் ஜான் பாமரும் முதன்முதலில் பிரித்தெடுத்ததே மாட்டுக் கண்ணிலிருந்துதான். இப்போது பாக்டீரியாவை நொதிக்கவைத்துத் தயாரிக்கிறார்கள்.

கேள்வி: உடம்பிலேயே இருக்கும் பொருள் என்றால் கரைந்துபோக வேண்டாமா? மாதக்கணக்கில் எப்படி நிற்கிறது?

இயற்கையான வடிவில் போட்டால் சில நாட்களில் காணாமல் போகும், நொதிகள் வெட்டிவிடும். அதனால் பி.டி.டி.இ. என்ற இணைப்பானைச் சேர்த்து, காரக் கரைசலில் ஒரு சங்கிலியை இன்னொன்றோடு பிணைக்கிறார்கள். இதுதான் குறுக்கிணைப்பு. கொழகொழவென்று ஓடிய திரவம் ஜெல்லாகிவிடும், நொதிக்கும் வெட்டுவது கடினமாகும். வினைபுரியாமல் மிஞ்சும் பி.டி.டி.இ. நச்சு என்பதால் கழுவி நீக்குகிறார்கள். 10 லட்சத்தில் 2 பங்குக்கும் கீழே கொண்டுவருவது வழக்கம்.

கேள்வி: ஒரு பெட்டியில் 20 மி.கி., இன்னொன்றில் 24 மி.கி. என்று இருக்கிறது. கூடுதலாக இருப்பதுதானே நல்லது?

எல்லோரும் தவறாகப் படிக்கும் எண் இதுதான். ஒரு மில்லிலிட்டரில் எவ்வளவு சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது என்று மட்டும் அது சொல்கிறது. அதில் எவ்வளவு பிணைந்திருக்கிறது, எவ்வளவு சும்மா ஊசியில் வழுக்கிப்போவதற்காகச் சேர்த்தது என்று சொல்லாது. பிணையாத பங்கு சீக்கிரம் போய்விடும்.

பார்க்க வேண்டியது ஜி பிரைம், அதாவது ஜெல்லின் விறைப்பைக் காட்டும் அளவு. திருநெல்வேலி அல்வாவை விரலால் அழுத்திவிட்டு எடுத்தால் எவ்வளவு எழும்பி நிற்கிறதோ, அதைப் பாஸ்கல் அலகில் அளந்ததுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 மி.கி. கொண்ட ரெஸ்டிலேன் என்ற பிராண்டு, 24 மி.கி. கொண்ட ஜுவெடெர்ம் அல்ட்ரா என்ற பிராண்டைவிடக் கெட்டி! எலும்பை ஒட்டிய தாடை, கன்ன மேடு போன்ற இடங்களில் ஜி பிரைம் அதிகமான ஜெல் தூக்கி நிறுத்தும். ஓயாமல் அசையும் உதட்டில் அதையே போட்டால் கட்டியாகத் தட்டுப்படும்.

இன்னொன்று தண்ணீர். சிரிஞ்சில் இருக்கும்போதே போதுமான நீரைக் குடித்துவிடாத ஜெல், தோலுக்குள் போனபின் இழுத்துக்கொண்டு உப்பும். அதனால் கண்ணுக்குக் கீழே அப்படிப்பட்டதைத் தவிர்ப்பார்கள்.

கேள்வி: இவ்வளவு கெட்டியானது மெல்லிய ஊசியில் எப்படிப் போகிறது அண்ணா?

அழுத்தித் தள்ளும்போது இளகும், தள்ளுவதை நிறுத்தினால் மறுபடி இறுகும். அதனால்தான் 27, 30 கேஜ் என்ற மெல்லிய அளவு ஊசியிலும் போகிறது.

கேள்வி: தோழிக்குக் கண்ணுக்குக் கீழே நீலமாகத் தெரிகிறது. ரத்தக்கட்டா?

நாள் கடந்தும் மறையாவிட்டால் டிண்டால் விளைவாக இருக்கலாம். ஜெல் மேல்தோலுக்கு மிக அருகில் கிடந்தால் நீல ஒளியை அதிகம் சிதறடிக்கும். ஹயலுரோனிடேஸ் என்ற நொதியைச் செலுத்திக் கரைக்க முடியும். போட்டவரிடமே காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: எல்லா ஃபில்லரையும் அப்படிக் கரைக்கலாமா?

முடியாது. ரேடியெஸ் என்ற பிராண்டு ஃபில்லரில் 25 முதல் 45 மைக்ரான் அளவுள்ள கால்சியம் ஹைட்ராக்ஸிஅபடைட் மணிகள், ஸ்கல்ப்ட்ரா என்ற பிராண்டில் பாலிலாக்டிக் அமிலத் துகள்கள். இரண்டும் மெதுவாகத் தானே போகும், நொதி ஒன்றும் செய்யாது. பி.எம்.எம்.ஏ. என்ற பிளாஸ்டிக் மணிகள் போகவே போகாது. எந்த ஃபில்லரும் தவறி ரத்தக்குழாயை அடைத்தால் தோல் அழுகலாம், பார்வைகூடப் போகலாம். அந்த அவசரத்தில் கரைக்க முடியுமா முடியாதா என்பதுதான் பெரிய வித்தியாசம், முதல் தடவை போடுபவர்களிடம் இதைத்தான் அழுத்திச் சொல்வேன்.

கேள்வி: ஊசியே இல்லாத பேனா ஆன்லைனில் கிடைக்கிறதே, வீட்டில் போட்டுக்கொள்ளலாமா?

வேண்டாம். உயர் அழுத்தத்தில் பீய்ச்சும் கருவி அது; எந்த ஆழத்தில், எவ்வளவு போகிறது என்று கட்டுப்படுத்த முடியாது. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2021-இலேயே எச்சரித்துவிட்டது.