சென்னையில் பரதநாட்டியத்தை நம்பிப் பிழைப்பவர்களுக்கு ஒரு சங்கம் தேவையா? அது முதலில் எதைக் கேட்க வேண்டும்?

தேவைதான். ஆனால் ஆடுகிறவர்களுக்கு மட்டும் சங்கம் வைத்தால் பாதிக் கிணறுதான் தாண்டுவோம். நான் ஆடுகிறேன், மற்றவர்களுக்கு நட்டுவாங்கமும் (தாளம் தட்டி, ஜதி சொல்லி ஆட்டத்தை நடத்துவது) செய்கிறேன். பணம் கொடுக்கிற கையாகவும் வாங்குகிற கையாகவும் இருப்பதால் சொல்கிறேன்.

ஒரு கச்சேரிக்கு நட்டுவாங்கம், பாட்டு, மிருதங்கம், வயலின் அல்லது புல்லாங்குழல் வேண்டும். அதற்கு முன் ரிகர்சல்கள். அப்புறம் மேக்கப், தையல், லைட், பூ, கார் வாடகை. பெரும்பாலும் இத்தனைக்கும் பணம் தருவது கச்சேரியை ஏற்பாடு செய்கிற சபா இல்லை, ஆடுகிற பெண். மார்கழியில் மதிய ஸ்லாட் கிடைத்தால் வருகிற சன்மானம் மிருதங்கத்துக்கே காணாது. சில இடங்களில் 'நன்கொடை' என்று நாம்தான் கொடுத்துவிட்டு ஆட வேண்டும். ஆக, உரிமை கேட்க வேண்டியவளே ஆர்க்கெஸ்ட்ராவுக்கு முதலாளி. அந்த முதலாளியின் பணமோ கிளாஸ் எடுத்து வர வேண்டும், இல்லையென்றால் அப்பாவிடமிருந்து. நன்றாக ஆடிய எத்தனையோ பேர் முப்பது வயதுக்குள் மேடையை விட்டுப் போனதற்குக் காரணம் கால் வலி இல்லை.

இதே ஊரில் வடபழனிப் பக்கம் பாருங்கள். சினிமாவில் குரூப்பில் ஆடுகிறவருக்குச் சங்க கார்டு உண்டு, பேசி முடித்த சம்பளம் உண்டு. அவர்கள் சங்கம், சினிமாத் தொழிலாளர் சங்கங்களின் கூட்டமைப்பான பெப்சியில் (FEFSI) அங்கம். அங்கே எல்லாம் சொர்க்கம் என்று சொல்லவில்லை. ஆனால் சம்பளம் கேட்பதை யாரும் குற்றமாக நினைப்பதில்லை. சபாக்கள் இருக்கும் மயிலாப்பூரில் கேட்டுப் பாருங்கள், "கலைக்கு விலை பேசுகிறாளே" என்பார்கள். இத்தனைக்கும், ஒரு காலத்தில் கோயிலில் ஆடியவர்களுக்கு மானிய நிலமே இருந்தது. 1930களில் சபா மேடைக்கும் வசதியான குடும்பங்களுக்கும் இந்த ஆட்டம் வந்தது. 1947இல் பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சட்டம் தடுத்தது. தடுத்தது சரி. ஆனால் அந்தப் பெண்களை மேடையிலிருந்து இறக்கியதோடு, ஆட்டம் ஒருவருக்குச் சோறு போடும் தொழில் என்பதையும் சேர்த்து இறக்கிவிட்டோம்.

சங்கம் வந்தால் முதல் வேலை, பக்கவாத்தியக்காரர்களின் ரேட்டை எழுத்தில் கொண்டுவருவது. ரிகர்சலுக்கு எவ்வளவு, கடைசி நேரத்தில் கச்சேரி ரத்தானால் எவ்வளவு என்பது உட்பட. இப்போது எல்லாம் போனில் வாய்ப்பேச்சுதான். கோடையில் அமெரிக்க அரங்கேற்றங்களுக்குப் போய் வருகிற மிருதங்கக்காரர் அந்த வருமானத்தை வைத்துத்தான் மீதி மாதங்களை ஓட்டுகிறார். அங்கே போகாதவர் என்ன செய்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. நம்மில் சிலர் செலவைக் குறைக்க ரெக்கார்டிங்குக்கு ஆடிவிடுகிறோம். அது அவர் வயிற்றில்தான் அடிக்கிறது.

இரண்டாவது, எந்த ஸ்லாட்டுக்கு எவ்வளவு தருகிறோம், எவ்வளவு வாங்குகிறோம் என்று சபாக்கள் வெளிப்படையாகப் போட வேண்டும்.

சங்கம் இல்லாமலே இன்றைக்குச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மாடியில் நடக்கும் கிளாஸில் பாலியல் தொல்லை என்றால் யாரிடம் போவது? வேலையிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்கும், முதலாளி மேலேயே புகார் என்றாலும், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு இருக்கிறது. பொதுவாக மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். இதை என் கிளாஸ் சுவரில் ஒட்டியிருக்கிறேன், நீங்களும் ஒட்டலாம்.