எந்தப் பேராசிரியரிடம் மகளைச் சேர்ப்பது?

அன்புள்ள அக்கா,

மின்சார பில்லின் பின்பக்கம் நீங்கள் எழுதிக் கொண்டுவந்த இரண்டு எண்களும் என் மேசையில்தான் இருக்கின்றன. ஒரு பேராசிரியருக்கு 41, இன்னொருவருக்கு 12. "பெரிய நம்பர் உள்ளவர்கிட்டயே சேர்த்துடலாமா தம்பி?" என்று கேட்டீர்கள். அன்று வெளியே ஆள் காத்திருந்ததால் அவசரமாகப் பேசி அனுப்பிவிட்டேன். சுங்கை சிப்புட் தோட்டப்புறத்திலிருந்து ஒரு பெண் மருத்துவ ஆய்வில் முதுகலைக்குப் போகிறாள், இதில் அவசரம் கூடாது.

அந்த எண்ணுக்குப் பெயர் எச்-இண்டெக்ஸ். 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கொண்டுவந்தது. 12 என்றால், அவருடைய 12 கட்டுரைகளை, ஒவ்வொன்றையும் குறைந்தது 12 முறை, பிற கட்டுரைகளில் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். வருஷம் போகப் போக இது ஏறும், இறங்காது. அதனால் ஓய்வுபெறப் போகிறவரையும் பத்து வருஷம் முன்பு வேலைக்கு வந்தவரையும் ஒரே தராசில் வைக்க முடியாது. துறைக்குத் துறையும் மாறும். புற்றுநோயை உலகம் முழுக்க ஆராய்கிறார்கள், மேற்கோள் குவியும். எலிக்காய்ச்சலை ஆராய்பவர்கள் அதைவிடக் குறைவு. அப்புறம், இந்த மேற்கோள்களை எண்ணிக் காட்டும் இணையத் தளங்கள் பல உண்டு. ஒரே ஆளுக்கு கூகுள் ஸ்காலரில் ஓர் எண், ஸ்கோப்பஸில் ஓர் எண் இருக்கும். கூகுளில் பெரும்பாலும் கூடுதலாகத்தான் காட்டும். உங்கள் பில்லில் எது எங்கே எடுத்தது என்று, படிக்கப் போகிற நம் தங்கச்சியிடம், உங்கள் மகளிடம் கேளுங்கள்.

நீங்கள் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். வாளியின் எடையை மட்டும் பார்த்தா கிராணி கணக்கு எழுதினார்? மாதிரி எடுத்து, காய்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று பார்த்துத்தானே சம்பளம் போட்டார்கள். இங்கேயும் அப்படித்தான் மாதிரி எடுக்க வேண்டும். எடுக்க வேண்டிய இடம், கட்டுரையின் தலைப்புக்குக் கீழே இருக்கும் பெயர் வரிசை.

மருத்துவக் கட்டுரைகளில் முதல் பெயர் பெரும்பாலும் வேலையை முன்னின்று செய்தவருடையது. கடைசிப் பெயர் ஆய்வகத்தை நடத்தும் மூத்தவருடையது. நம் மலேசியாவின் நிப்பா வைரஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 1998-99இல் பன்றிப் பண்ணைகளில் பரவி நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. நெகிரி செம்பிலானின் சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். 2000இல் 'சயின்ஸ்' இதழில் வந்த கட்டுரையில் இருபதுக்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. முதலில் நிற்பது சுவா காவ் பிங், மலாயாப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் அந்த வைரஸைப் பிரித்தெடுத்தவர். மூத்தவர் எப்போதும் கடைசியில்தான் இருப்பார் என்றில்லை, அங்கே மூத்த பேராசிரியராக இருந்த லாம் சாய் கிட் பெயர் ஆறாவதாக வருகிறது. வேலை செய்தவர் முன்னால் நிற்கிற இந்த வரிசையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறையும்.

தங்கச்சி செய்ய வேண்டியது இதுதான். இரண்டு பேராசிரியர்களின் கட்டுரைகளையும் வருஷ வாரியாக அடுக்கி, கடைசி ஐந்து வருஷத்தை மட்டும் பார்க்கட்டும். பேராசிரியர் பெயர் கடைசியில் இருக்கிற கட்டுரைகளில் முதல் பெயர் யாருடையது? அவரிடம் படித்த மாணவருடையதா? இல்லை, நூறு பேர் சேர்ந்து எழுதிய பெரிய ஆய்வுகளில் நடுவில் எங்கோ அவர் பெயர் இருப்பதால் எண் ஏறியிருக்கிறதா? அதில் தப்பு ஒன்றும் இல்லை, ஆனால் அங்கே சேரும் பிள்ளைக்கு அதனால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

சில வருஷம் முன்பு இந்த வட்டாரத்துப் பையன் ஒருவன் பெரிய எண்ணைப் பார்த்துத்தான் ஒருவரிடம் சேர்ந்தான். மாதக் கணக்கில் மேற்பார்வையாளரைப் பார்க்கவே முடியாமல், பாதியில் வீடு திரும்பினான். அதனால்தான் உங்களிடம் இவ்வளவு வற்புறுத்துகிறேன்: அந்தந்த ஆய்வகத்தில் முடித்த மாணவர் ஒருவரிடமாவது பேசாமல் கையெழுத்துப் போட வேண்டாம். எத்தனை வாரத்துக்கு ஒருமுறை சந்திப்பார், ஆய்வு நிதியிலிருந்து மாதப் படி உண்டா, எத்தனை வருஷத்தில் முடித்தார்கள், இந்த மூன்றைக் கேட்டாலே போதும்.

காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்களும் இருக்கின்றன. கட்டுரைகள் வந்த இதழ்களின் பெயரைக் குறித்து வரச் சொல்லுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.

12 என்று எழுதியிருந்தவரின் பட்டியலை நேற்று இரவு நானே திறந்து பார்த்தேன். கடைசி ஆறு கட்டுரைகளில் நாலில் முதல் பெயர் ஒரு மாணவருடையது. இன்னொருவருடையதைத் தங்கச்சி பார்க்கட்டும். வரும் சனிக்கிழமை பசியாறிவிட்டு இருவரும் வாருங்கள், காலை முழுக்க வேறு யாரையும் வரச் சொல்லவில்லை.